சவுண்டல் இலையும் தள்ளிப்போகும் முட்டையும்

கேள்வி: 60 லெகார்ன் கோழிகள் வைத்திருக்கிறேன். செலவு குறையட்டும் என்று 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சவுண்டல் (சூபாபுல்) இலைப்பொடி சேர்க்கிறேன். 22 வாரம் ஆகியும் பாதிக் கோழிகள் முட்டையிடவில்லை. இலைதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அது வளர்ச்சியைக் குறைத்து, கோழி பருவத்துக்கு வருவதைத் தாமதப்படுத்தும். மாடு ஓரளவு தாங்கும். கோழியால் தாங்க முடியாது. மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும் என்பது உண்மை. அதற்கு 5 கிலோவே தாராளம், அதுவும் இலையை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, காயவைத்துப் பொடித்தால்தான். இப்போதைக்கு அடியோடு நிறுத்துங்கள்.

கோழியைப் பிடித்துப் பாருங்கள். ஆசனவாயின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழைகிறதா? கொண்டை சிறுத்து வெளிறியிருக்கிறதா? அப்படியானால் சினைப்பை இன்னும் வளரவில்லை. கொண்டை சிவந்து இரண்டு மூன்று விரல் நுழைந்தால், முட்டை பக்கத்தில்தான்.

எடையையும், வெளிச்சத்தையும் பாருங்கள். எடை குறைவாக இருந்தாலோ விளக்கையும் சேர்த்து நாளின் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்தாலோ முட்டை தள்ளிப்போகும்.

இலைக்குப் பதில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கா? வேண்டாம். அதிலுள்ள காசிபால் என்ற நச்சு, சேமித்த முட்டையின் கருவைப் பச்சையாக்கிவிடும். சுண்ணாம்புச் சத்துக்காகத் தரும் கிளிஞ்சலையும் முட்டைப் பருவம் நெருங்கும்போது மட்டும் கொடுங்கள். குஞ்சுப் பருவத்தில் கொட்டினால் சிறுநீரகம் கெடும்.