காப்பர்-டி போட்ட பிறகு அதிக ரத்தப்போக்கு: எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் சிசேரியன் செய்தபோதே கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திவிட்டார்கள். இரண்டு மாதமாக மாதவிடாய் வருகிறது. முன்பு நான்கு நாளில் நின்றுவிடும். இப்போது எட்டு நாள் வரை போகிறது, அடிவயிற்றிலும் வலி. காப்பர்-டியின் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை. காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த நூலைப் பார்ப்போம், ரத்தப்போக்கைவிட அதுதான் அவசரம். சிசேரியனின்போது பொருத்தினால் நூல் கர்ப்பப்பைக்குள்ளேயே சுருண்டு கிடப்பது சகஜம். ஆனால் பிரசவத்தோடு பொருத்திய காப்பர்-டி நமக்குத் தெரியாமலே வெளியே விழுந்துவிடவும் வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள். நெஞ்சுக்கெல்லாம் அது ஏறாது. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுகூட ஆயிரத்தில் ஓரிருவருக்கு நேரக்கூடிய அபூர்வம்தான்.

தாமிரம் கர்ப்பப்பையின் உள்சவ்வில் லேசான அழற்சியை உண்டாக்கித்தான் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. ரத்தப்போக்கும் வலியும் கூடுவதற்கும் அதே அழற்சிதான் காரணம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் குறையும். மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் இரண்டையுமே குறைக்கும். பால் கொடுப்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கூடவே ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பாமல் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். உடல் எடை கூடினால் பழியைக் காப்பர்-டியின்மேல் போடாதீர்கள், அதில் ஹார்மோன் எதுவும் இல்லை.

காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், தாங்க முடியாத வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்தாலும் அப்படித்தான். காப்பர்-டியையும் மீறிக் கரு உருவாவது அபூர்வம். உருவானால் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

ஸ்கேனில் சரியான இடத்தில் இருந்து, ஹீமோகுளோபினும் குறையாமல் இருந்தால் இன்னும் சில மாதம் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. வேண்டவே வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘பொறுத்துக்கோம்மா’ என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. இதேபோல் கர்ப்பப்பைக்குள் பொருத்தும், ரத்தப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது, விலைதான் கூடுதல். காப்பர்-டியை எடுத்த உடனேயே கருத்தரிக்க முடியும். எனவே அடுத்து எந்தக் கருத்தடை முறை என்பதை முடிவு செய்துகொண்டே எடுக்கப் போங்கள்.