கிடங்குச் சாவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். தொழில், வியாபாரம் பற்றி நீங்கள் அதிகம் எழுதுவதில்லை என்பதால் தயங்கித் தயங்கித்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா தொடங்கிய சிறு உற்பத்தி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கூடவே அஞ்சல்வழியில் மேலாண்மை படிக்கிறேன். வளரும் நாடுகளில் தொழில் நிறுவனங்கள் நன்றாக நடக்கவும் நீடிக்கவும் எவை காரணம் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். முதலீடு, அரசுக் கொள்கை, தொழில்நுட்பம், பயிற்சி, சந்தை, மின்சாரம், சாலை என்று பன்னிரண்டு காரணிகளைப் பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன். இதில் எது முதன்மை? கடன் எளிதாகக் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

எங்கள் தொழிலும் நான் பள்ளியில் படித்தபோது இருந்த அதே அளவில்தான் நிற்கிறது. அப்பா கிடங்குச் சாவியை யாரிடமும் தருவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி வந்ததும் அவனிடம் தருவார். விற்பனைப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. நான் ஒருநாள் வராவிட்டால் அங்கே ஒரு வேலையும் நடக்காது.

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பன்னிரண்டையும் படித்தேன். எல்லாமே சரி. அதுதான் அந்தப் பட்டியலின் கோளாறும். எந்த நாட்டில், எந்தத் தொழிலில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தும், யாருக்கும் உறைக்காது. நல்ல மதிப்பெண் வாங்கித் தரும், கவலைப்படாதீர்கள். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கடைசியில், போகிற போக்கில் சாவியைப் பற்றி இரண்டு வரி எழுதினீர்களே, அதற்காக. இளமையில் நான் வேலை பார்த்த ஒரு முதலாளி காலமான செய்தி சமீபத்தில் வந்தது. அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான்.

முதலில் பட்டியலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுவோம். சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். யார் வேண்டாம் என்றது? அரசு விதிகள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெரு நாட்டின் லிமாவில் 1983-ல் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு ஒரு சிறிய தையல் பட்டறையை முறைப்படி பதிவு செய்து பார்த்தது. 289 நாட்கள் ஆயின. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பதிவை எளிதாக்கினால் எல்லோரும் ஓடி வருவார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பின்னால் இலங்கையில் ஓர் ஆய்வில் பதிவு செய்யும் வழியை விளக்கி, கட்டணத்தையும் நாங்களே தந்துவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். சிறு தொழில்காரர்கள் அசையவில்லை. அதற்கு மேல் கையில் பணம் தருகிறோம் என்றபோதுதான் ஒரு பகுதியினர் வந்தார்கள்.

பயிற்சிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள டோகோ நாட்டைப் பாருங்கள். அங்கே லோமே நகரத்தில் 1,500 சிறு தொழில்முனைவோரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. கணக்கு, விற்பனை என்று வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு லாபம் 11 சதவீதம் கூடியதாகத் தெரிந்தது, அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுதான். யாரும் சொல்லாமல் தானாக முன்னால் போய் ஒன்றைத் தொடங்குவது, தடங்கல் வந்தால் மாற்று வழி பார்ப்பது என்று மனப்போக்கைப் பழக்கியவர்களுக்கு 30 சதவீதம் கூடியது. சரி, பயிற்சி முடிந்தது.

கடனுக்கு வருவோம், அதுதானே உங்கள் கட்சி. மறுபடியும் இலங்கை. 2005-ல் சிறு தொழில்காரர்கள் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்று முதலீடு கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அந்த முதலீடு மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் ஈட்டியது, எந்த வங்கி வட்டியையும் தாண்டிய வருமானம். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று துள்ளாதீர்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தால், பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று அவசரக்காரர்கள் சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். 2019-ல் வேறு சிலர் அந்தக் கணக்கையும், இந்தியா, கானா நாடுகளின் இதே போன்ற கணக்குகளையும் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் இன்னொரு தொழிலும், பெரும்பாலும் கணவருடையது, இருந்தால் பெண்ணின் பெயரில் வந்த பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் அவளுடைய தொழில் ஒன்றுதான் என்றால் அவளும் ஆண்களுக்குச் சமமாகச் சம்பாதித்திருக்கிறாள். பணம் யார் பெயரில் வருகிறது என்பது ஒன்று, பெட்டியைத் திறப்பது யார் என்பது வேறு. உங்கள் பெயரில் நாளைக்கே கடன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாங்கும் சரக்கு எங்கே போய் இறங்கும்? அப்பா பூட்டி வைத்திருக்கும் கிடங்கில்தானே?

இனி நான் சொல்ல வந்த விஷயம். மும்பைக்கு அருகே நெசவாலைகளில் 2008-ல் தொடங்கிய ஒரு ஆய்வு உண்டு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூமும் நண்பர்களும் செய்தது. 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். ஒன்றும் குடிசைத் தொழில் இல்லை, நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்யும் இடங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தறிகளுக்கு நடுவே குப்பை, எண்ணெய்க் கசிவு, கருவிகள் கிடந்த இடத்தில் கிடக்கின்றன. கிடங்கில் என்ன நூல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஒரு தாள் இல்லை. குறையுள்ள துணியைச் சரிசெய்ய வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குறை எந்தத் தறியில் எதனால் வருகிறது என்று கேட்க ஆள் இல்லை. சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பி மாதக்கணக்கில் கூடவே இருந்து சரிசெய்ய வைத்தார்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது, மூன்று வருஷத்துக்குள் அவர்கள் கூடுதல் ஆலைகளும் திறந்தார்கள். புதுக் கடன் இல்லை, புதுச் சட்டம் இல்லை.

இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியம் அதே ஆய்வில் வரும் இன்னொரு செய்தி. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தி வந்தது அதன் நிர்வாகத் தரம் இல்லை. முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை! அண்ணன், தம்பி, மகன்கள். பணம், கொள்முதல், ஆள் எடுப்பது எல்லாம் குடும்பத்து ஆட்கள் கையில். வெளியாளை நம்ப முடியாது, ஆகவே இன்னொரு ஆலை வேண்டுமென்றால் இன்னொரு தம்பி வேண்டும். கெட்டிக்கார முதலாளி ஏன் சோம்பேறி முதலாளியின் சந்தையைப் பிடித்துக்கொள்வதில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. அவருக்கும் ஒரு நாளைக்கு அதே 24 மணி நேரம்தான். ஆகவே சோம்பேறியும் பிழைத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் 40 வயதான ஒரு தொழிற்சாலை, தொடங்கிச் சில வருஷமே ஆன ஒன்றைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஆட்களை வைத்திருக்கிறது. மெக்சிகோவிலும் இந்தியாவிலும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். பிழைத்துக் கிடப்பவைகூட அவ்வளவு மெதுவாகத்தான் வளர்கின்றன. சாங்-தாய் சியே, பீட்டர் கிளெனோ என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2014-ல் போட்ட கணக்கு இது. நீங்கள் பள்ளியில் படித்தபோது இருந்த அதே அளவு என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் அப்பா அந்த விஷயத்தில் தனியாள் இல்லை.

என் முதலாளிக்கு வருகிறேன். இடுப்பில் சாவிக்கொத்து, நடந்தால் சத்தம் முன்னால் வரும். நல்ல மனிதர், கைசுத்தம், யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அங்கே கணக்கு எழுதினேன், ஆனால் கொள்முதல் பில்லை அவர் பார்த்து மடித்துத் தந்த பிறகுதான் என் கைக்கு வரும். ஒருநாள் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மோட்டாரின் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்றுப் பெல்ட் உண்டு, ஜன்னல் கம்பி வழியே பார்த்தால் சுவரில் ஆணியில் தொங்குவது தெரிகிறது. சாவி கல்யாண வீட்டில். ஆட்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வரை அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கதை பேசினார்கள், சம்பளம் உண்டு. மறுநாள் நான் கணக்குப் பார்த்து, நேற்று போன கூலியில் ஒரு கட்டுப் பெல்ட் வாங்கலாம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போனது என் தப்பு" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். பிற்பாடு உடம்பு முடியாமல் படுத்தபோது காசோலையை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினோம். கை நடுங்கி, வங்கி திருப்பி அனுப்பியது. அவர் பிழைத்து எழுந்துவிட்டார், ரொம்ப காலம் இருந்தார். தொழில் எழவில்லை. எந்தச் சரக்கு யாரிடம் என்ன விலைக்கு என்பது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது, வாடிக்கையாளர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

உங்கள் அப்பாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிடங்கை ஒப்படைத்த ஆள் சரக்கை விற்றுவிட்டுப் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் சரக்கும் இருக்காது, சாட்சியும் இருக்காது. நீதிமன்றம் மெதுவாக நகரும் நாடுகளில் பூட்டுதான் சட்டம். மும்பை முதலாளிகளும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் தினமும் இருப்பு என்ன, உற்பத்தி என்ன, பழுது என்ன என்று தாளில் வரத் தொடங்கியதும் அவர்களே மேலாளர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே அப்பாவிடம் போய் "என்னை நம்புங்கள்" என்று கெஞ்சாதீர்கள். கணக்கை வையுங்கள். சரக்குக்கு ஆர்டர் போடுவது ஒருவர், வந்ததை எண்ணி இறக்குவது இன்னொருவர், பில்லுக்குப் பணம் தருவது மூன்றாமவர். இறக்குபவரின் கையில் ஆர்டர் தாள் இருக்கக் கூடாது. இருந்தால் எண்ணவே மாட்டார், அதில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வெறும் தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், பிறகு ஆர்டரோடு ஒத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு தேதி, வந்தது, எடுத்தது, மிச்சம், கையெழுத்து எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதச் செய்யுங்கள். மாதத்தில் ஏதோ ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், ஏதோ பத்துப் பொருளை மட்டும் அப்பாவே போய் எண்ணட்டும். குறைந்தால் "யார் எடுத்தது?" என்று கேட்கக் கூடாது, "எந்தச் சீட்டு விட்டுப்போனது?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் சீட்டுதான் விட்டுப்போயிருக்கும். எந்தத் தொகை வரை மேலாளர் யாரையும் கேட்காமல் வாங்கலாம் என்று ஒரு வரம்பு வையுங்கள், அந்த வரம்புக்குள் அவர் ஏமாந்து வாங்கினாலும் வாயைத் திறக்காதீர்கள். இதைச் செய்வது பெரும் எரிச்சல். மும்பையில் பல வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கற்றுக்கொண்டவற்றில் பாதியைக் கைவிட்டிருந்தார்கள். ஆனாலும் மிச்சப் பாதியை வைத்தே மற்ற ஆலைகளைவிட முன்னால்தான் இருந்தார்கள்.

இன்னொன்று, விடுப்பு. வங்கிகளில் பொறுப்பான இடத்தில் இருப்பவர்களை வருஷத்தில் சில நாள் கட்டாயமாக விடுப்பில் அனுப்புவார்கள். அந்த நாட்களில் அவர் வேலையை வேறொருவர் பார்த்தால்தான் ஒளித்து வைத்தது வெளியே வரும். லீவே போடாத கிடங்குக்காரரைப் பார்த்தால் மெச்சுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் கடைசியாக லீவு போட்டது எப்போது? "நான் ஒருநாள் வராவிட்டால் அங்கே ஒரு வேலையும் நடக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது உங்கள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்திருக்கும், எனக்குத் தெரியும். அம்மா, அதைத்தான் உங்கள் அப்பாவும் சொல்கிறார்! அவர் இரும்புச் சாவி வைத்திருக்கிறார், நீங்கள் வாடிக்கையாளர் நம்பர்களை உங்கள் போனில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணோ பையனோ யாராவது ஒருவருக்கு, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம், யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? அப்பாவிடம் பேசப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் எங்காவது போங்கள், போனை அணைத்து வையுங்கள். திரும்பி வந்து பார்த்தால் நாலு தப்பு நடந்திருக்கும். அந்த நாலையும் எடுத்துக்கொண்டு போய், இவை இவை நடந்தன, இவ்வளவு போனது, இப்படிச் சரிசெய்தோம் என்று அப்பாவிடம் காட்டுங்கள். தப்பு நடந்தால் கண்டுபிடித்துவிடலாம், தொழில் முங்கிவிடாது என்று அவர் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

கட்டுரைக்கு எது முதன்மைக் காரணி என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியருக்கு எது பிடிக்குமோ அதை முதலில் போடுங்கள்.

தம்பியிடம் ஒருமுறை பேசுங்கள். அவன் வந்ததும் சாவி அவனுக்கு என்று அப்பா வைத்திருக்கிறார், நீங்களும் அப்படியே எழுதுகிறீர்கள். திரும்பி வர அவனுக்கு எண்ணம் இருக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அன்புடன்