'வீட்டுலதான் இருக்கா' – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

கல்லூரித் திட்டப்பணிக்காக, விளாத்திகுளம் பக்கமுள்ள என் அம்மாவின் ஊரைப் பற்றி எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்த ஊர்ப் பெண்களில் நிறையப் பேர் 'வேலை செய்யாதவர்' என்று இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் பகலில் வீட்டில் ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. எதை நம்புவது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கண்ணை நம்புங்கள். அதற்காக அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம்.

கணக்கெடுப்பின் இலக்கணத்தில் பெரிய குறை இல்லை. கூலி வாங்காமல் சொந்தப் புஞ்சையில் பாடுபட்டாலும் அது வேலைதான். வருடத்தில் ஆறு மாதம், அதாவது 183 நாள் வேலை செய்திருந்தால் முதன்மைப் பணியாளர். குறைந்தால் குறுகியகாலப் பணியாளர். கோளாறு நடப்பது வாசற்படியில்.

2011 பிப்ரவரியில் நான் எங்கள் ஊரில் இருந்தேன். கணக்கெடுக்க வந்த வாத்தியாருக்குத் திண்ணையில் இருந்தபடி பெரியப்பாதான் பதில் சொன்னார். பெரியம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "அவ வீட்டுலதான் சார் இருக்கா" என்றார். அந்த நேரம் பெரியம்மா அடுத்தவர் புஞ்சையில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு இன்னும் ஏகப்பட்ட வீடு பாக்கி. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பெரியம்மாவின் வருடத்தைச் சொல்கிறேன். புரட்டாசி மழைக்கு உளுந்தும் பாசியும் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. தையில் பயறு பிடுங்கி அடிப்பது, அப்புறம் மிளகாய். கோடையில் கரிமூட்டம். சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள்ளேயே தீயைக் கனியவிடுவார்கள். பல நாள் கழித்து ஆறியதும் பிரித்து, கரியைச் சாக்கில் அள்ளுவது பெண்கள். மூக்குச்சளிகூடக் கறுப்பாக வரும். இடையில் நூறு நாள் வேலை, சாயங்காலம் ஆடு. கூட்டினால் 183 நாளைச் சுலபமாகத் தாண்டும். யாரும் கூட்டவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா தன் தொழிலை 'விவசாயம்' என்றார். மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். அந்த வருடம் வீட்டுக்குக் காசு வந்ததென்னவோ கரியில்தான். ஆனால் 'கரி போடுறேன்' என்று எந்தச் சம்சாரி, அதாவது எங்கள் பக்கத்து விவசாயி, வாயால் சொல்வார்? இப்படிப் பெருமைக்குச் சொன்னவர்களையும் சேர்த்துத்தான், நாடு முழுக்கச் சாகுபடியாளர்கள் 2001இல் 12.73 கோடியாக இருந்து 2011இல் 11.87 கோடியானார்கள். அதே பத்து வருடத்தில் விவசாயக் கூலிகள் 10.68 கோடியிலிருந்து 14.43 கோடிக்கு ஏறினார்கள். உங்கள் அம்மாவின் ஊர்க் கணக்கிலும் 2001ஐயும் 2011ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, திட்டப்பணிக்கு வருவோம். அரசு எண்ணை அப்படியே போடுங்கள். பக்கத்தில் உங்கள் எண்ணையும் போடுங்கள். பத்து வீடு போதும். பெண்கள் திரும்பி வந்தபிறகு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள். 'என்ன வேலை?' என்று கேட்டால் 'சும்மாதான் இருக்கேன்' என்பார்கள். 'ஆடியில எங்க போனீங்க, ஆவணியில எங்க போனீங்க' என்று மாதம் மாதமாகக் கேளுங்கள். தமிழ் மாதமாகவே கேளுங்கள்.

அப்புறம், குடும்பங்களை எண்ணும்போது கூரையை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள். கணக்கெடுப்பிலும் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். எங்கள் ஊரில் மருமகள் வந்த மூன்றாம் மாதமே, ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே இரண்டு குடும்பமான வீடுகள் உண்டு.