தொண்டை கடவுள் கொடுத்தது, சரி, நடிப்பு?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் நின்றவர் வேறொருவர். இவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில மணி நேரம் வசனம் படித்துவிட்டுப் போனவர். கடவுள் கொடுத்த தொண்டை, அவ்வளவுதான். இப்போது அதே குரலைக் கணினியே பேசிவிடுகிறது. அப்படியானால் இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? மகா நடிகர் என்று எழுதியது மிகை இல்லையா?
– ஒரு வாசகர்

பதில்: மிகை இல்லை. நான்கு பக்கம் போதவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கடவுள் கொடுத்த தொண்டை என்கிறீர்கள். அந்தத் தொண்டை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஊர் முன்னால் வாய் திறக்காமல் கிடந்தது தெரியுமா? 1931 ஜனவரி 17 அன்று மிசிசிப்பி மாநிலத்து அர்காபட்லாவில் பிறந்தவர் ஜோன்ஸ். அவர் பிறந்த சமயத்திலேயே அப்பா ராபர்ட் ஏர்ல் ஜோன்ஸ் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். வளர்த்தவர்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி. பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அவர்கள் வடக்கே மிச்சிகனில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த மாற்றம் அவனை உலுக்கிவிட்டது. திக்குவாய் வந்தது. கூடப் படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பேசுவதையே விட்டுவிட்டான். வீட்டில் உள்ளவர்களிடம் ஏதோ கொஞ்சம், பண்ணையில் இருந்த கால்நடைகளிடம் கொஞ்சம். பள்ளியில் எல்லாம் எழுத்தில்தான்.

உயர்நிலைப் பள்ளியில் டொனால்ட் க்ரவுச் என்று ஓர் ஆங்கில ஆசிரியர். பேசாத இந்த மாணவன் கவிதை எழுதுகிறான் என்று அவருக்குத் தெரியவந்தது. கடுங்குளிர் காலத்தில் அரசு அனுப்பிவைத்த கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தின்று பார்த்து, அந்தச் சுவையில் சொக்கிப்போய் அதைப் பற்றியே ஒரு கவிதை எழுதியிருந்தான். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, நீ எழுதியதுதானா, அப்படியானால் வகுப்பு முன்னால் நின்று பார்க்காமல் சொல் பார்க்கலாம் என்றார். மானப் பிரச்சினை. திருட்டுப் பட்டம் வாங்குவதா, திக்கித் திக்கி அவமானப்படுவதா? எழுந்து நின்று சொன்னான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலர் இதை ஏதோ அற்புதம் நடந்ததுபோலச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அற்புதம் ஒன்றும் இல்லை. திக்குவாய் உள்ளவர்கள் பலர் பாடும்போது திக்குவதில்லை. சந்தத்தோடு சொல்லும்போதும் திக்குவது குறையும். க்ரவுச் அந்தப் பிடியை விடவில்லை. தொடர்ந்து கவிதை வாசிக்க வைத்தார், பேச்சுப் போட்டிகளில் ஏற்றினார். பேச்சைத் தாளத்தின் வழியே, மூச்சின் வழியே, முதலிலிருந்து கற்றுக்கொண்டான் அந்தப் பையன். மற்றவர்கள் யோசிக்காமல் கொட்டிவிடும் வார்த்தையை இவர் ஒவ்வொன்றாக எடை பார்த்துத்தான் வெளியே விட வேண்டியிருந்தது. திக்குவாய் குணமாகிவிட்டது என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அதோடுதான் வேலை செய்கிறேன் என்பார். அவர் வசனத்தில் வரும் அந்த நிதானமும், ஒரு சொல்லுக்கு முன்னால் விழும் அந்தச் சின்ன இடைவெளியும் இங்கிருந்து வந்தவை என்றே நான் நினைக்கிறேன். கனமான குரல் பிறவியில் வந்திருக்கலாம். அதை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதெல்லாம் வியர்வை.

அப்புறம் மேடை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு சேர்ந்தவர் நாடகத்துக்கு மாறினார். ராணுவத்தில் இருந்துவிட்டு நியூயார்க் வந்தார். விட்டுப் போன அப்பாவும் அங்கேதான் இருந்தார். அவரும் குத்துச்சண்டையை விட்டு நடிகராகியிருந்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து கட்டடங்களில் தரை துடைத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு வாய்ப்புத் தேடினார்கள். 1958-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஜோன்ஸுக்குக் கிடைத்தது ஒரு வேலைக்காரர் வேடம். கோர்ட் தியேட்டர் என்ற அரங்கில் நடந்த அந்த நாடகத்தில் அவருக்கு வசனம் அதிகம் கிடையாது. 1961-ல் பிரெஞ்சு நாடகாசிரியர் ஜெனேயின் 'தி பிளாக்ஸ்' நாடகத்தில் முக்கிய வேடம். முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த அந்த நாடகம் 1,408 காட்சிகள் ஓடியது. அவரோடு மேடையில் இருந்தவர்களில் சிசிலி டைசனும் மாயா ஏஞ்சலோவும் உண்டு. இடையில் ஜோசப் பாப் நடத்திய நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழாவில் சின்ன வேடம், பெரிய வேடம் என்று ஒன்றையும் விடவில்லை. ஒத்தெல்லோவாகப் பலமுறை நடித்தார். 1973-ல் லியர் மன்னன்.

அவரை நாடறியச் செய்தது 'தி கிரேட் ஒயிட் ஹோப்'. 1967-ல் வாஷிங்டனில் அரங்கேறி, 1968-ல் பிராட்வேக்கு வந்தது. குத்துச்சண்டையில் கனரகப் பிரிவின் முதல் கறுப்பின உலகச் சாம்பியனான ஜாக் ஜான்சனின் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட நாடகம். வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழ்ந்ததற்காக நாடே சேர்ந்து துரத்திய மனிதனின் கதை. அதற்காக ஜோன்ஸ் தலையை மழித்துக்கொண்டார், குத்துச்சண்டைக்காரனின் உடம்பைப் பயிற்சியில் உருவாக்கிக்கொண்டார். 1969-ல் சிறந்த நடிகருக்கான டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் உயர்ந்த விருது அது. அதே நாடகம் 1970-ல் படமானபோது சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. சிட்னி பாய்ட்டியருக்குப் பிறகு அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற இரண்டாவது கறுப்பின நடிகர் அவர். முகத்தைக் காட்டி, உடம்பைக் காட்டி வாங்கிய பெயர் இது. குரல் மட்டும் என்று சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் சொன்ன கறுப்பு உடைக்கு வருகிறேன். உடைக்குள் நின்றவர் டேவிட் ப்ரௌஸ், ஆறரை அடி உயர ஆங்கிலேயர், பளு தூக்கும் வீரர். அந்த நடை, அந்த நிற்பு எல்லாம் அவருடையவை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. படப்பிடிப்பில் வசனத்தையும் அவர்தான் பேசினார். பிறகு குரலை மாற்றினார்கள். வேடரின் புகழ்பெற்ற மூச்சுச் சத்தம்கூட ஜோன்ஸுடையதில்லை. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், நீரில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவியில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தது அது. ஆக, ஜோன்ஸுக்கு மிஞ்சியது வசனம் மட்டும். முகம் தெரியாது. கண் தெரியாது. டப்பிங் செய்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள உதட்டசைவாவது இருக்கும். இங்கே முகமூடியால் அதுவும் இல்லை. குரலில் உணர்ச்சியைக் கூட்டினால் எந்திர மனிதன் என்ற நம்பிக்கை உடைந்துவிடும். முழுக்கக் குறைத்தால் ரயில் நிலைய அறிவிப்பாகிவிடும். அந்தக் குறுகிய சந்துக்குள்ளேயே கோபம், ஏளனம், களைப்பு, கடைசியில் மகன்மேல் பாசம் என்று அத்தனையும் காட்ட வேண்டும். சில மணி நேர வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். சம்பளமும் 7,000 டாலர்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்கு முன்னால் இருபது ஆண்டு மேடை நின்றுகொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் சரியாகத் தெரியாது, குரலிலேயே எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்பதை இரவுக்கு இரவு பழகியவர் வேறு எங்கே தயாராவார்?

இன்னொன்று. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் முதல் இரண்டு படங்களில் தன் பெயரே போட வேண்டாம் என்று சொன்னவர் அவர். நான் செய்தது சிறப்பு ஒலி போன்ற வேலை, வேடர் என்றால் ப்ரௌஸ்தான் என்பது அவர் வாதம். 1983-ல் வந்த மூன்றாவது படத்தில்தான் பெயர் வந்தது. புகழுக்கு அலைந்தவர் செய்யும் காரியமா இது?

குரலில் காசு பார்த்ததும் மேடையை விட்டுவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. 1982-ல் மறுபடி ஒத்தெல்லோ. அதில் வில்லன் இயாகோவாக கிறிஸ்டோபர் பிளம்மர். 1987-ல் ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்'. குப்பை வண்டியில் வேலை செய்யும் டிராய் மேக்ஸன் என்ற தகப்பன் வேடம், இரண்டாவது டோனி. 1994-ல் 'லயன் கிங்' கார்ட்டூன் படத்தில் முஃபாசா என்ற சிங்க ராஜாவின் குரல். 2019-ல் அதை மறுபடி எடுத்தபோது முதல் படத்தின் குரல்களில் இவர் ஒருவரைத்தான் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் ஆஸ்கர் அமைப்பின் கௌரவ விருது வந்தது. 2015-ல், 84 வயதில், சிசிலி டைசனோடு பிராட்வேயில் 'தி ஜின் கேம்'. இரண்டே பேர் நடிக்கும் நாடகம் அது. மேடையை விட்டு இறங்கி மூச்சு வாங்க இடமே இல்லை. 2022-ல் அந்தப் பழைய கோர்ட் தியேட்டருக்கே ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் தியேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று, 93 வயதில் காலமானார்.

கணினி விஷயம். 2022-ல் வந்த 'ஓபி-வான் கெனோபி' என்ற 'ஸ்டார் வார்ஸ்' தொடருக்கு, ஜோன்ஸின் சம்மதத்தோடு, ரெஸ்பீச்சர் என்ற உக்ரைன் நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளை வைத்து வேடரின் குரலைச் செய்துகொடுத்தது. இதைக் காட்டி நடிப்பே தேவையில்லை என்பது தலைகீழான முடிவு. அந்த எந்திரத்துக்குத் தீனி என்ன? எந்தச் சொல்லை அழுத்துவது, எதை விழுங்குவது என்று அந்த மனிதர் என்றோ எடுத்த முடிவுகள்தானே. அவர் அன்று அப்படி நடிக்காமல் போயிருந்தால் இன்று நகல் எடுக்க எதுவுமே இருந்திருக்காது.

சம்மதித்தது அவர் உரிமை. அதில் நான் குறை காணவில்லை. என் கவலை வேறு. அவருக்குப் பெயர் இருந்தது, பேரம் பேசும் பலம் இருந்தது. பதிவுக்குப் பதிவு கூலி வாங்கிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குரல் நடிகர்களுக்கு அது கிடையாது. கணினிக் குரலிலிருந்து இவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத்தான் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2024 ஜூலையில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. அது முடிய ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. அதற்கிடையில், 2025 மே மாதம், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் வேடர் ஜோன்ஸின் செயற்கைக் குரலில் பேசினார். குடும்பத்தின் சம்மதம் இருந்தது. ஆனால் அந்த வேலையைச் செய்திருக்கக்கூடிய நடிகர்களுக்காகத் தங்களோடு பேசாமலே இதைச் செய்துவிட்டார்கள் என்று சங்கம் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரின் பக்கம்தான் நான். ஏனென்றால், தொண்டைதானே என்று நீங்கள் கேட்டதையேதான் முதலாளிகளும் கேட்கிறார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில் கேட்டீர்கள். அவர்கள் கூலியைக் குறைப்பதற்காகக் கேட்கிறார்கள்.

நேரம் கிடைத்தால் 'ஃபென்சஸ்' நாடகத்தில் அவர் நடித்த ஒரு காட்சியின் பதிவைத் தேடிப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கிறது. உனக்கு என்னை ஏன் பிடிக்கவே இல்லை என்று மகன் கேட்கிறான். உனக்குச் சோறு போடுகிறேன், படுக்க இடம் தருகிறேன், அது என் கடமை. பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று தகப்பன் திருப்பிக் கேட்கிறான். ஒரு தடவை திரையைப் பார்த்தபடி கேளுங்கள், இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதற்குப் பிறகும் இது வெறும் தொண்டை என்றே உங்களுக்குத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் வெளியிடுகிறேன்.