வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

சென்ற வாரம் ஒரு தம்பதி மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க வீட்டை அடமானம் வைக்கப்போகிறார்கள். பெரியப்பா ஏஜென்ட்டிடம் பேசியே முடித்துவிட்டாராம்.

அம்மா, ஐயா, அந்தப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே இன்னொரு தகுதித் தேர்வு காத்திருக்கிறது. அதில் தவறினால் வட்டியைப் பெரியப்பா கட்டமாட்டார்.

ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் வாய் திறந்தது ஒரே முறை. மறதி நோயால் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட பாட்டி, அவள் வீணையில் வாசித்த பாட்டின் அடுத்த வரியைத் தானே எடுத்துப் பாடினார் என்றாள். அவள் கேட்காமலே கேட்டது இசை சிகிச்சைப் படிப்பை.

இதைத் தொழிலாக நிலைநிறுத்தப் பாடுபட்டவர்களில் பலர் பெண்கள். முதல் உலகப்போரில் கனடா வீரர்களிடையே பணியாற்றிய பியானோ கலைஞர் மார்கரெட் ஆண்டர்டன், 1919-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக நடத்தினார். செல்லோ கலைஞர் ஜூலியட் ஆல்வின் 1958-இல் பிரிட்டனில் இதற்கெனச் சங்கம் கண்டார். 1968-இல் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் முதுநிலைப் பயிற்சி தொடங்கினார். இருவருமே மருத்துவர்கள் அல்லர். கையில் இருந்த வாத்தியத்தோடு வந்தவர்கள்.

இந்த நோய்க்கு இந்த ராகம் என்று எழுதிக்கொடுக்கும் வேலை இல்லை இது. ஆட்டிசம் உள்ள குழந்தை மேளத்தை ஒரு முறை தட்டும். சிகிச்சையாளர் அதே தாளத்தில் பதில் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் 'உன் முறை, என் முறை' என்பது பிறக்கிறது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். அதைப் பிடித்துச் சொற்களை மீட்க முயல்வார்கள். நோயை இது குணப்படுத்தாது, மருத்துவத்துக்குத் துணை நிற்கும். பிரிட்டனில் உரிய படிப்பும் பதிவும் இல்லாதவர் தம்மை இசை சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்காது. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடப் பல்கலைக்கழகத்தில் சுமதி சுந்தர் கட்டியெழுப்பிய இசை சிகிச்சை மையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ உளவியல் இளநிலை. வீணை வகுப்பை நிறுத்தக்கூடாது. பிறகு இசை சிகிச்சையில் முதுநிலைப் பயிற்சி. இரண்டு நாள் சான்றிதழ் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாதச் சம்பள வேலைகள் இங்கே இன்னும் குறைவு. சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் என்று தொடங்கி மெல்லத்தான் வளர முடியும். அதனால்தான் உளவியல் பட்டம் முதலில் என்கிறேன்.

வங்கிக்குப் போகும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அந்த நாளில் மகளை ஒரு சிறப்புப் பள்ளிக்கு வீணையோடு அழைத்துச் செல்லுங்கள். பெரியப்பாவும் வரட்டும்.