மகள் ஃபிலிம் கேமரா கேட்கிறாள், வாங்கித் தரலாமா?

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆக வேண்டும் என்கிறாள், அதற்கு நிக்கான் எஃப்.எம்.2 ஃபிலிம் கேமராதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கையில் இருப்பது 25,000 ரூபாய். இந்தக் காலத்தில் போய் ஃபிலிமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம்தான் அம்மா.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு மறியல் என்றால் நாலேகாலுக்குப் படம் பத்திரிகை டெஸ்க்கில் இருக்க வேண்டும், பெயரும் இடமும் பிழையில்லாத கேப்ஷனோடு. ஃபிலிமை வைத்துக்கொண்டு அது நடக்காது. வேலைக்கு டிஜிட்டல்தான். கடைசி வருடத்தில் அதற்குத் தனியாக ஒரு செலவு வரும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பள வேலைகளும் குறைவு, பலர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் ஃபிலிம் எதற்கு? படிக்கத்தான். ஒரு ரோலில் 36 படம்தான் என்று தெரிந்தால் விரல் தானாக நிதானிக்கும். எடுத்ததைப் பின்னால் திரையில் பார்க்க முடியாது, அதனால் எடுக்கும் முன்பே வெளிச்சத்தைப் பார்க்கப் பழகிவிடும்.

அவள் கேட்பது தப்பான கேமராவும் இல்லை. 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாமில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் எஃப்.எம்.2-வில் எடுத்ததுதான். ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு, முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி செத்தாலும் ஓடும். ஆனால் இந்தப் பேருக்கே தனி விலை வைக்கிறார்கள். பென்டாக்ஸ் கே1000 போதும் என்பேன். 1976-லிருந்து 1997 வரை செய்த கேமரா, அதிலும் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். நிக்கான்தான் வேண்டும் என்றால் எஃப்.எம்.10 இருக்கிறது. பிளாஸ்டிக் உடம்புதான், இருந்தாலும் பாடம் படிக்க ஒரு குறையும் இல்லை. கேனன் ஏ.இ.1-ஐ யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பேட்டரி இல்லாவிட்டால் அதில் ஷட்டரே விழாது.

எதுவானாலும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றோடு 12,000-க்குள் முடியுங்கள். ஏன் என்றால், நிஜமான செலவு கேமராவில் இல்லை. ஒரு கறுப்பு வெள்ளை ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும், அதாவது ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 30 ரூபாய். முழுப் பணத்தையும் கேமராவில் போட்டுவிட்டு மூன்றாவது ரோலுக்குக் காசில்லாமல் அதை அலமாரியில் வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மீதி 13,000-ஐ ரோலுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். நூறு அடிச் சுருளாக வாங்கி வீட்டிலேயே ஃபிலிம் டப்பாவில் சுற்றிக்கொண்டால் 18 ரோல் வரை தேறும். கழுவுவதற்கும் இருட்டறை தேவையில்லை, வெளிச்சம் புகாத ஒரு சேஞ்சிங் பேக்கும் கழுவும் டேங்க்கும் போதும். ஃபிலிமில் படத்தைக் கொண்டுவரும் டெவலப்பர் திரவத்துக்கு 20 டிகிரி வேண்டும், நம் ஊர்க் குழாய்த் தண்ணீரோ வெயில் காலத்தில் 30-ஐத் தாண்டும். அதனால் பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்திக் குளிர வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு அவளுக்கு விட்டுக்கொடுங்கள்.

பழைய கேமரா வாங்கும்போது அவளையே கூட்டிப் போங்கள். லென்ஸின் பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பின்மூடியைத் திறந்து ஓரத்தில் இருக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டால் தார் போல ஒட்டுகிறதா? அது பயப்படும் விஷயமில்லை, மாற்றிக்கொள்ளலாம், விலை பேசவும் உதவும். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தி, மனதுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவு வரும். கே1000-இல் மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பீரோ வேண்டாம்.

என்ன எடுப்பது என்று கேட்டால், எல்லா ரோலையும் ஒரே இடத்தில் செலவழிக்கச் சொல்வேன். மீன் ஏலமோ அரசுப் பள்ளியோ, மாதக்கணக்கில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகட்டும். வேலை கேட்டுப் போகும்போது, ஒரே கதையைச் சொல்லும் பதினைந்து படத்துக்கு இருக்கும் மதிப்பு நூறு சூரிய அஸ்தமனத்துக்குக் கிடையாது.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் ரோலை மாட்டி லீவரைத் தள்ளும்போது இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. என் அண்ணன் கல்யாணத்தில் 36 படமும் நான் அப்படித்தான் எடுத்தேன். அண்ணி இன்றைக்கும் கேட்கிறார்.