கேட்டுத்தான் தோண்டணுமா?

கேள்வி: பூர்வகுடிகளிடம் அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும் என்றால் அகழாய்வே நின்றுபோகாதா சார்?

பதில்: நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒசெட் கதையைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மக்கா என்ற பூர்வகுடி இனத்தாரின் பழைய ஊர் அது. மண் சரிந்து புதைந்த வீடுகளை 1970-ல் புயல் அரித்து வெளியே காட்டியது. வந்தவர் போனவரெல்லாம் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போக, தொல்லியலாளர் ரிச்சர்ட் டௌஹர்ட்டிக்கு போன் போட்டதே மக்கா தலைவர்தான்!

ஊறிப்போன மரச்சாமான் மீது மண்வெட்டி பட்டால் போச்சு. அதனால் குழாயில் தண்ணீர் பீய்ச்சி, சேற்றைக் கரைத்துக் கரைத்தே எடுத்தார்கள். 11 வருஷ வேலை. 50,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். ஆய்வாளர்கள் திருதிருவென விழித்த சில சாமான்களை, மக்கா பெரியவர்கள் பார்த்ததுமே இன்னதென்று சொன்னார்கள். எல்லாம் இப்போது மக்கா மக்களின் ஊரான நியா பே-யில், 1979-ல் அவர்களே திறந்த அருங்காட்சியகத்தில்.

சரி, கேட்காமல் எடுத்தால்? ஆஸ்திரேலியாவில் முங்கோ ஏரிப் பகுதியில் கிடைத்த, சுமார் 42,000 ஆண்டுப் பழைய 'முங்கோ மனிதனின்' எலும்புகளை, அங்குள்ள பூர்வகுடிகளைக் கேட்காமலே 1974-ல் எடுத்துப்போனார்கள். அவை சொந்த மண்ணுக்குத் திரும்பியது 2017-ல்.